தங்கமாரி அண்ணாச்சிக்கு எழுதிய இரங்கல்

1

என் வேலைக் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது:

"6 மார்ச் 2007, செவ்வாய். காலை 10.20. காளிராஜிடமிருந்து குறுஞ்செய்தி. 'தவறிட்டாரு அக்கா. நேத்து விஸ்வநத்தத்துல. எல்லாரும் அப்படியே எந்திரிச்சிட்டாக. தங்கமாரி அண்ணாச்சிக்கு இப்படி ஆகும்னு யாரும் நினைக்கல. வீட்ல போன் எடுக்க மாட்டேங்காக. நீங்க எழுதுனா ஆறுதலா இருக்கும்.' உடனே மூன்று முறை அழைத்தேன். காளிராஜ் எண் கிடைக்கவில்லை."

அதற்குக் கீழே, வேறு மையில்: "இரங்கல் குறிப்பு. 700 சொல். மாலை 4க்குள்."

ஓராண்டு ஆகிவிட்டது. செய்தி வந்ததற்கும் இரங்கலை அனுப்பியதற்கும் இடையே நான் விட்டது ஐந்தரை மணி நேரம். அதில் நான் என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்தேன் என்பதை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விருதுநகர்க்காரி. பஜாரில் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அத்தாவுக்கு, மிளகாய் வத்தல் கமிஷன் கடை. பதினோரு ஆண்டுகளாக ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரில், கணவரோடும் மகள் ஷிஃபாவோடும் இருக்கிறேன். எந்தப் பத்திரிகையிலும் நிரந்தர வேலையில் இல்லாத இசைப் பத்திரிகையாளர் நான். இதற்கு ஜெர்மன் மொழியில் 'சுதந்திரப் பத்திரிகையாளர்' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. அதை அத்தாவிடம் தொலைபேசியில் விளக்கப் போனபோது, "ஃப்ரீயாவா எழுதிக் குடுக்க? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அந்த மார்ச் மாதத்தில் என் கையில் இருந்த வேலைகள்: நகரப் பத்திரிகைக்கு, சாஸ் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் துருக்கிக்காரர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை, ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் ஈஸ்டர் நிகழ்ச்சிக்கு அறிமுகக் குறிப்பு, சென்னையிலிருந்து வரும் ஓர் இணைய இதழுக்கு மாதப் பத்தி. இவை போக எனக்கென்று இரண்டு வேலைகள். சிவகாசியில் அட்டை அச்சான பாட்டுக் கேசட்டுகளைத் தேடி, அட்டைக்கு ஒரு சீட்டாகக் குறிப்பு எழுதி வருகிறேன். இன்னொன்று, இங்குள்ள மக்கள் வானொலிக்காக அச்சு இயந்திரங்களின் ஓசையைக் கோத்து அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று. அந்த ஓசைகளைப் பதிவு செய்து அனுப்புகிறவன்தான் காளிராஜ். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட், சிடி கடை. விசேஷ வீடுகளுக்கு மைக் செட்டும் போடுவான்.

அதே மாதம் ஒரு கடிதமும் வந்திருந்தது. கலைஞர்களுக்கும் எழுதுகிறவர்களுக்குமான காப்பீட்டு அலுவலகம், நான் இன்னமும் எழுத்தால்தான் வாழ்கிறேனா என்று சரிபார்க்கிறதாம். கடந்த மூன்று மாதங்களில் வெளியானவற்றைப் பட்டியலிட்டு அனுப்பாவிட்டால் என் பெயரும் மகள் பெயரும் மருத்துவக் காப்பீட்டிலிருந்து எடுக்கப்படும். பட்டியலில் அப்போது இரண்டே வரிகள் இருந்தன. இரங்கலை அவ்வளவு அவசரமாக எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

2

தங்கமாரி அண்ணாச்சி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். சாயங்காலமானால் பாட்டுக் கச்சேரிக்காரர். கோயில் பொங்கலுக்கு மாரியம்மன் பாட்டு, தர்கா சந்தனக்கூடுக்கு நாகூர்ப் பாட்டு, காதுகுத்துக்குச் சினிமாப் பாட்டு என்று எல்லாம் ஒரே தொண்டையில் வரும்.

நான் அவரை முதலில் பார்த்தது மேடையில் இல்லை. பத்தாம் வகுப்பு விடுமுறையில், கடை காலண்டருக்கு ஆர்டர் கொடுக்க அத்தாவோடு அந்த அச்சகத்துக்குப் போயிருந்தேன். படத்தில் வத்தல் நிறம் ஆரஞ்சாக இருக்கிறது என்று அத்தா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். வெட்டு இயந்திரத்தின் மோட்டார் இரைச்சல் ஒரே சீராக ஓட, அந்த ஓசைக்கு மேல் குரலை ஏற்றிப் பாடிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. திடீரென்று கரண்ட் போனது. பாட்டும் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"தம்புரா போச்சே தாயி" என்று மோட்டாரைக் காட்டினார்.

இசையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றிய நாள் எது என்று யாராவது கேட்டால், தேதி சொல்ல முடியாவிட்டாலும் அந்த நாளைத்தான் சொல்வேன்.

3

செய்தி வந்த அன்று பள்ளி அரைநாள். ஷிஃபாவுக்கு அப்போது பதினொரு வயது. சனிக்கிழமைகளில் இலங்கைத் தமிழர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அதனால் என்னோடு பேசுவதில்லை, 'கதைக்கிறாள்'. மேசையில் கிடந்த என் கைபேசியை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அம்மா, இவர் என்ன பிழை விட்டவர்?"

"பிழை இல்லைம்மா. தவறிட்டார்னா மௌத்தாயிட்டார், இறந்துட்டார்னு அர்த்தம்."

"தவறு எண்டால் பிழைதானே? டீச்சர் சொன்னவ."

"அது புத்தகத் தமிழ். இது ஊர்த் தமிழ்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, மீதியை ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டே அறைக்குப் போய்விட்டாள். மகளுக்குத் தமிழ் நழுவிக்கொண்டே போகிறதே என்று அன்றைக்கு வருத்தப்பட்டுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டு பேர் சொல்லாமல் எந்தச் செய்தியையும் எழுதுவதில்லை என்பது என் வழக்கம். காலை 11 மணிக்கு இணைய இதழ் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் விஷயத்தைத் தெரிவித்தேன். மதியம் 1.30க்கு அவரே அழைத்து, "ஆமாங்க, நானும் கேள்விப்பட்டேன். பெரிய இழப்பு. இன்னைக்கே குடுத்துருங்க" என்றார். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று எழுத உட்கார்ந்தேன். அவர் கேள்விப்பட்டது என் மின்னஞ்சலிலிருந்துதான் என்பது பிறகு தெரிந்தது.

இரங்கல் நன்றாகவே வந்திருந்தது. மோட்டார் தம்புராவைப் பற்றி எழுதினேன். சந்தனக்கூடைப் பற்றி எழுதினேன். வெறும் புகழ்ச்சியாக இருக்கக் கூடாது என்று, முந்தின ஆண்டு காளிராஜ் அனுப்பிய ஒரு கச்சேரிக் கேசட்டை எடுத்துப் போட்டுக் கேட்டேன். அதே பாட்டு 1994ஆம் ஆண்டுக் கேசட் ஒன்றிலும் என்னிடம் இருந்தது. புதியதில் மேல் ஸ்தாயி அரைச் சுருதி கீழே இருந்தது. எழுதினேன்: "கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது, மேல் ஸ்தாயியில் அரைச் சுருதி தாழ்ந்தே நின்றார்."

நேர்மையான வரி என்று எனக்கே ஒரு திருப்தி. மாலை 3.50க்கு அனுப்பினேன்.

4

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மதியம் காளிராஜே அழைத்தான்.

"அக்கா, நல்லா இருக்கீகளா? வெம்பக்கோட்டைப் பக்கம் மைக் செட் போடப் போயிட்டேன். அங்கன டவரே இல்ல."

"வீட்ல எப்படி இருக்காங்க காளிராஜ்? அடக்கம் எப்ப ஆச்சு?"

"எது அடக்கம்?"

"அண்ணாச்சிய..."

"அண்ணாச்சி அடக்கமாத்தான் இருக்காரு. நாலு நாளா யார்ட்டயும் ஒரு வார்த்தை பேசலயே."

"நீதானே மெசேஜ் போட்ட, தவறிட்டாருன்னு?"

"ஆமா. சுதி தவறிட்டாரு. விஸ்வநத்தத்துக் காதுகுத்து வீட்டுக் கச்சேரியில, ரெண்டாவது பாட்டு, சரணத்துல. பொம்பளைக ஆம்பளைக எல்லாம் எந்திரிச்சுப் பந்திக்குப் போயிட்டாக. மனசு விட்டுட்டாரு மனுசன். நீங்க ரெண்டு வரி லெட்டர் எழுதுனா ஆறுதலா இருக்கும்னுல்ல போட்டேன்?"

கைபேசியில் நீளமான குறுஞ்செய்தி இரண்டாக உடைந்து போகும். "அக்கா, அண்ணாச்சி கச்சேரியில சுதி" என்று முடிந்த முதல் பாதி எனக்கு வரவே இல்லை. தமிழில் ஒரு பாடகரைப் பற்றி எழுதுகிறவள், 'தவறிவிட்டார்' என்ற சொல்லைப் பார்த்ததும் எது தவறியது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டவள் பதினொரு வயதுப் பெண்.

காளிராஜ் தயங்கினான். "எழுதிட்டீகளோ?"

"இணையத்துல வந்திருச்சு."

"அத எவன்க்கா பாக்கப் போறான் இங்கன?"

பார்த்தவர் அச்சக முதலாளியின் மகன். வெளியூர் ஆர்டர்களுக்காக நாள் முழுக்க இணையத்திலேயே இருப்பவராம். தன் அச்சகத்து ஆளைப் பற்றி ஜெர்மனியிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்ற பெருமையில் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். அவருக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை காளிராஜ் சொன்னது இது. அண்ணாச்சி உள்ளே நுழைந்ததும் பைண்டிங் பிரிவிலிருந்து ஒருவன் கத்த, இன்னொருவன் எடுத்துக்கொடுத்திருக்கிறான்.

"ஏலே, போனவரு ஷிப்ட்டுக்கு வந்துட்டாருலே!"

"திருப்பி அனுப்பிட்டாகளாம்லே. அங்கனயும் சுதி சேரலையாம்!"

அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தாராம். டீ நேரத்தில் தாளைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தாராம். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மார்ச் 13, காலை 8.15க்கு என் கைபேசி அடித்தது.

"பாத்திமாவா? செத்தவன் பேசுறேன்."

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நான்..."

"அத விடு. செத்தேன்னு சொன்னா ஆயுசு கூடும்பாக, இருந்துட்டுப் போகுது. இங்கன பாரு, ரெண்டாம் பக்கம். 'அரைச் சுருதி தாழ்ந்தே நின்றார்.' இத யாரக் கேட்டு எழுதுன?"

"காளிராஜ் அனுப்பின கேசட்டக் கேட்டேன் அண்ணாச்சி."

"கேசட்டக் கேட்ட. என்னக் கேட்டியா?"

அவரே தொடர்ந்தார்.

"அச்சங்குளத்துல பங்குனி கடைசிச் செவ்வாய் பொங்கல். பதினெட்டு வருசமா நான்தான் பாடுதேன். நேத்துக் கோயில் கமிட்டிக்காரர் வந்தாரு. விஸ்வநத்தத்துல தவறுனது ஒரு நாள் கோளாறுன்னு நினைச்சோம், ரெண்டு வருசமாவே அப்படித்தானாமேன்னு கேக்காரு. ஜெர்மனிக்காரக சும்மாவா எழுதுவாகங்காரு. மதுரைப் பார்ட்டியச் சொல்லிக்கிறோம், நீங்க கோவிச்சுக்கிடாதீகங்காரு."

"நான் திருத்தம் போட்டுடறேன்."

"சாவத் திருத்திருவ. நான் எதிர நிக்கேன், எவனும் நம்பிருவான். குரல எப்படித் திருத்துவ?"

அவரே வழியும் சொன்னார்.

"குரல் நல்லா இருக்குன்னு எழுது."

"கேக்காம எப்படி அண்ணாச்சி எழுதறது?"

"ஏன், முன்ன கேட்டுட்டா எழுதுன?"

அச்சங்குளமும் போனால் அடுத்த ஊர்களும் போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கமிட்டி மாற்றினால் ஏழு கமிட்டிகள் விசாரிக்கும்.

5

அன்றே அந்தக் கேசட்டைத் திரும்பப் போட்டேன். ஷிஃபாவின் சிறிய கீபோர்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இடமாக ஒத்துப் பார்த்தேன். முதல் தடவை நான் அவர் குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை பின்னால் வாசித்த கீபோர்டையும் கவனித்தேன். அதுவும் அரைச் சுருதி கீழேதான் இருந்தது. அதாவது அந்தப் பதிவில் அவர் வாத்தியத்தோடு சரியாகச் சேர்ந்தே பாடியிருக்கிறார்.

"எந்த டெக்குல பதிவு பண்ணின?" என்று காளிராஜைக் கேட்டேன்.

"பழசுதான்க்கா. அப்பப்ப பெல்ட்டு இழுக்கும்."

பெல்ட் இழுத்துப் பதிவின் வேகம் பிசகியிருந்தால் எல்லாமே சேர்ந்து கீழே போகும். அப்படியானால் என் வரி முழுப் பொய். ஆனால் இன்னொரு வழியும் உண்டு. மின் கீபோர்டில் 'ட்ரான்ஸ்போஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விரல் பழைய இடத்திலேயே ஓட, ஒலி மட்டும் இறங்கிவிடும். உச்சம் எட்டாத பாடகருக்காகக் கீபோர்டுக்காரர் யாருக்கும் சொல்லாமல் அழுத்தி வைப்பதுண்டு. அப்படியானால் என் வரியில் பாதி மெய். இரண்டில் எது என்று கேசட்டை மட்டும் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று குறிப்பேடு சொல்கிறது.

அந்த வாரம்தான் காப்பீட்டு அலுவலகத்துக் குழப்பமும். இரங்கலைப் பட்டியலில் சேர்த்திருந்தேனே, அதைத் திரும்பப் பெறப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுவதுதான் முறை என்று அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். ஜெர்மன் மொழியில் இரங்கலுக்கு 'நாஹ்ரூஃப்'. எழுதியதைத் திரும்பப் பெறுவதற்கு 'விடர்ரூஃப்' என்று அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். "விடர்ரூஃப் அனுப்ப வேண்டும்" என்றேன். "உறுதிதானா?" என்று கேட்டார் போனை எடுத்த அம்மா. "உறுதி. என் தவறுதான்" என்றேன். நான்காம் நாள் கடிதம் வந்தது: காப்பீட்டிலிருந்து விலகும் தங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது.

மறுபடி அழைத்தேன். பதற்றத்தில் எனக்கு வினைச்சொல் எதுவும் வரவில்லை. ஷிஃபா என் கையிலிருந்து போனை வாங்கினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, நான் கேட்டே இராத ஒரு குரலில், ஓர் அதிகாரியைப் போல ஐந்து நிமிடம் பேசினாள். அவள் பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது. என் மகளை வேறொரு வீட்டு வாசலில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"சரியாப் போச்சு அம்மா. ஆனால் அவ ஒரு கேள்வி கேட்கிறா. ஆள் உயிரோட இருந்தால் அந்த இரங்கல் பத்திரிகை எழுத்தா, கதையா எண்டு. பட்டியலில எந்தப் பகுதியில போட வேணுமாம்."

அந்த அம்மா கேலி செய்யவில்லையாம். நிஜமாகவே கேட்டாராம்.

6

சனிக்கிழமை, மார்ச் 17. போனிலேயே பாடிக் காட்டுவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தபடி, அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்தேன். இங்கே காலை 8.40. ஷிஃபா கீபோர்டில் மேல் ஸட்ஜக் கட்டையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மோட்டார ஓடவிட்டிருக்கேன். கேக்குதா?"

"இரைச்சலாத்தான் கேக்குது அண்ணாச்சி."

"உனக்கு எதுக்கு அது, எனக்குக் கேட்டாப் போதும்."

பாடினார். சொற்கள் இல்லாமல் கீழிருந்து ஏறினார். தொலைபேசிக் கம்பியில் அவர் குரல் தகரம் மாதிரி வந்தது. பஞ்சமத்தில் கொஞ்சம் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேல் ஸட்ஜத்தைத் தொட்டார். ஷிஃபா கட்டையை அழுத்தினாள். சேர்ந்தது. இரண்டு மூச்சு நேரம் அப்படியே இருந்தது. பிறகு உடைந்து இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப எழுது."

"இருமலையும் எழுதணுமே அண்ணாச்சி."

"எழுதிக்கோ. இருமலுக்கும் சுதிக்கும் என்ன சம்பந்தம்?"

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வெளியாயிற்று. ஐந்து வாக்கியங்கள். அவர் உயிரோடு இருக்கிறார். இரங்கல் என் பிழை. குரலைப் பற்றி எழுதியது நம்ப முடியாத ஒரு பதிவைக் கேட்டு எழுதியது. மார்ச் 17 அன்று தொலைபேசியில் கேட்டேன், மேல் ஸட்ஜம் சேர்ந்தது, பின் இருமினார். நேரில் கேட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 'நல்லா இருக்கு' என்று எழுதவில்லை. அண்ணாச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். அதையும் அச்செடுத்துக் கமிட்டிக்காரரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார் என்று காளிராஜ் சொன்னான்.

கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. மதுரைப் பார்ட்டியும் வரும். முதல் ஐந்து பாட்டு அண்ணாச்சிக்கு. கூட்டம் எழுந்தால் மைக்கை மதுரைக்குக் கொடுத்துவிட வேண்டும். கூட்டம் உட்கார்ந்திருந்தால் அவர் விருப்பம்.

ஏப்ரல் 10, செவ்வாய். எங்களுக்கு மாலை ஐந்தரை, வெயில் இருந்தது. அச்சங்குளத்தில் இரவு ஒன்பது, கச்சேரி தொடங்கிவிட்டது. மைக் செட் காளிராஜுடையதுதான். கைபேசியை மேடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். நான் சமையலறை மேசையில் பேனாவும் தாளுமாக இருந்தேன். முதல் பாட்டு அம்மன் பாட்டு, சிக்கலில்லாமல் போனது. இரண்டாவது, விஸ்வநத்தத்தில் தவறிய அதே பாட்டு. வேறு பாட்டு எடுத்திருக்கலாம். வீம்புக்கென்றே எடுத்திருக்கிறார். பல்லவி முடிந்தது. சரணம் ஏறத் தொடங்கியது. சரியாக அந்த இடத்தில் ஊரே வெடித்தது.

பட்டாசு செய்கிற ஊர். பொங்கலுக்குக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வானத்தில் வெடி விடும். கைபேசியில் ஒரே கரகரப்பு. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"காளிராஜ்! எந்திரிச்சாங்களா?"

"என்னக்கா?"

"சனம் எந்திரிச்சதா?"

"மேல பாத்துக்கிட்டு இருக்காக அக்கா! பொறுங்க... இல்ல. எந்திரிக்கல. ஒருத்தரும் எந்திரிக்கல."

அன்று அண்ணாச்சி பதினோரு பாட்டுப் பாடினார். மதுரைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து கீழே உட்கார்ந்து கேட்டார்களாம்.

மறுநாள் காளிராஜிடம் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போதும் தோன்றுகிறது. "கீபோர்ட எறக்கி வச்சிருந்தாங்களா?"

"கீபோர்டுக்காரன்ட்ட நானும் கேட்டேன்க்கா. சிரிக்கான். அம்புட்டுதான். அண்ணாச்சி காதுல விழுந்தா ரெண்டு பேரையும் கொன்னுருவாரு, விடுங்க."

விட்டேன். இந்தப் பங்குனிக்கும் அச்சங்குளம் அவருக்கே என்று சொல்லியிருக்கிறார்கள். இணைய இதழில் இரங்கலும் திருத்தமும் ஒன்றின் கீழ் ஒன்றாக அப்படியே இருக்கின்றன. மற்ற எல்லாத் தேதிகளையும் நேரங்களையும் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். 2007 ஏப்ரல் 10 அன்று, இரண்டாவது பாட்டில், கீபோர்டில் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்ததா இல்லையா என்பது மட்டும் உறுதி செய்யப்படவில்லை.